அச்சம் காத்த தோப்பு

கோடை விடுமுறைக்கு மகள் வீட்டுப் பிள்ளைகள் ஆரப்பாளையத்துக்கு வந்திருந்தார்கள். ஒருநாள் இரவு இஷாத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து நான் திரும்பியபோது நடு அறையில் விளக்கு அணைந்திருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் நீல வெளிச்சம் மட்டும் சுவரில் அலைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வயதுப் பேரன் தலையணை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு திரைக்கு நேரே உட்கார்ந்திருந்தான். அவன் கையிலிருந்த விளையாட்டுக் கருவி நடுங்கிக்கொண்டிருந்தது. ஆபத்து நெருங்கும்போது அந்தக் கருவியே அதிருமாம். நடுக்கம் கருவியுடையதா, பிள்ளையுடையதா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

"என்னத்தா, தூங்கலையா?" என்றேன்.

"கொஞ்சம் பக்கத்துல உட்காருங்க நன்னா. இந்த இடத்தை மட்டும் தாண்டிக்கிறேன்."

உட்கார்ந்தேன். திரையில் ஒரு காடு. கரிய அடிமரங்கள் தூண்களைப் போல் நெருங்கி நிற்க, இடையே ஒற்றையடிப் பாதை ஒன்று போயிற்று. பாட்டில்லை, மேளமில்லை. காலடி ஓசையும் ஏதோ முனகலுமே கேட்டன. ஒரு சிறுமி முன்னே நடக்கிறாள். அவளைப் போலவே இருக்கும் இன்னொரு சிறுமி காலைச் சற்றே இழுத்தபடி பின்னால் வருகிறாள். முன்னவள் விரைந்தால் பின்னவள் பின்தங்கிவிடுகிறாள். பேயைக் காட்டிலும் அந்தக் கால் இழுப்புத்தான் என் நெஞ்சைத் தொட்டது.

துபாயில் வேலை பார்க்கும் அவனுடைய சின்னத்தா, தாம் விளையாடித் தீர்த்த பழைய பிளேஸ்டேஷன் 2 பெட்டியை இவனுக்குக் கொடுத்திருந்தார். விளையாட்டின் பெயர் 'ஃபேட்டல் ஃபிரேம்'. ஜப்பானியர் தம் நாட்டில் அதற்கு 'ஸீரோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டெக்மோ என்னும் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாம் பாகம் இது. செந்நிறப் பட்டாம்பூச்சி என்பது இதன் துணைப்பெயர். கதையை அவனே சொன்னான். மியோ, மயு என்று இரட்டைச் சகோதரிகள். சிறு வயதில் தாங்கள் விளையாடிய காட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்துப் போக வருகிறார்கள். அங்கே அணை கட்டப் போகிறார்கள். காடு நீருக்குள் மூழ்கப் போகிறது. சிவப்புப் பட்டாம்பூச்சி ஒன்று பறந்து வருகிறது. மயு அதன் பின்னே போகிறாள், மியோ அவளைத் தேடிப் போகிறாள். காட்டுக்குள்ளே விடியாத இரவில் உறைந்து கிடக்கும் ஒரு கிராமத்தில் இருவரும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கிராமத்தார் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவரை மற்றவர் கையாலேயே பலியிடும் சடங்கு ஒன்றை நடத்தி வந்தவர்கள். ஓர் ஆண்டு சடங்கு தவறிப்போய், ஒரே இரவில் ஊரே மறைந்துவிட்டது.

"பேயை எதை வைத்துச் சண்டை போடுவாய்?" என்று கேட்டேன். வாளில்லை, துப்பாக்கியில்லை. ஒரு பழைய புகைப்படக் கருவி, அவ்வளவுதான். பேயைப் படம் பிடித்தால் அதன் வலிமை குறையும். தூர நின்று எடுத்தால் பயன் சொற்பம். முகத்துக்கு நேரே நெருங்க விட்டு, அது பாய்கிற கணத்தில் எடுத்தால்தான் முழுப் பயன். "அதுதான் நன்னா கஷ்டம். ஓடணும்னு தோணும், ஆனா நின்னு பார்க்கணும்" என்றான். இதை ஏற்பாடு செய்தவர்கள் விவரமானவர்கள் என்று எனக்குப் பட்டது.

மயுவின் கால் எப்படிக் கெட்டது என்றும் கேட்டேன். சிறு வயதில் முன்னே ஓடிய மியோவைப் பிடிக்க ஓடி வந்தவள் சரிவில் விழுந்துவிட்டாளாம். விட்டுவிட்டு ஓடிய குற்றம் மியோவின் மனத்தில் அன்றிலிருந்து கிடக்கிறது. அதனால்தான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

மறுநாள் பேரனுக்கு இலேசான காய்ச்சல். கொல்லைப்புறத்துக்குத் தனியாகப் போக மாட்டேன் என்றான். அவன் நன்னி, அந்தப் பெட்டியைத் தூக்கி வைகையில் எறியப்போவதாக அறிவித்துவிட்டு, ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினாள். வைகையில் எறிந்தால் அது மணலில்தான் விழும் என்று நான் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. மகள் படித்தவள், குழந்தைகளுக்கு இத்தகைய விளையாட்டு ஆகாது என்று தன் கொழுந்தனாருக்குத் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொன்னாள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. நான் மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தேன். காட்டைக் கண்டு பயந்து காய்ச்சலில் விழுந்த ஒரு பிள்ளையை அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே ஆரப்பாளையத்தில் எனக்குத் தெரியும்.

இன்றைக்கு ஆரப்பாளையம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பேருந்து நிலையம்தான் நினைவுக்கு வரும். ஆனால் பெயர்கள் பழையதை மறப்பதில்லை. புட்டுத்தோப்பு என்று ஓரிடம் இங்கே உண்டு. ஆவணி மாதத்தில் மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து புட்டுத் திருவிழாவுக்குச் சுவாமி புறப்பாடு வருமிடம் அது. பெயரில் தோப்பு இருக்கிறது. தெருவில் வீடுகள் இருக்கின்றன. சற்றுத் தள்ளிக் காளவாசல். செங்கல் சூளைக்குரிய அந்தப் பெயர் இப்போது வாகனங்கள் முட்டி மோதும் ஒரு நாற்சந்திக்கு உரியதாகிவிட்டது.

என் பிள்ளைப் பருவத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஆற்றை நோக்கிப் போகும் வழியில் ஒரு தோப்பு இருந்தது. பெரிய காடென்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வயதுப் பையனுக்கு அது காடுதான். புளி, வேம்பு, நாவல், ஓரத்தில் பனை, கீழே இண்டு முள்ளும் காரையும். நடுவில் ஒரு புளியமரம்; மூன்று பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத அடிமரம். அதில் முனி இருக்கிறது என்பது ஊர் முடிவு. இரவு வேலை முடிந்து வரும் ஹார்வி மில் தொழிலாளர்கள் தோப்பைச் சுற்றிக்கொண்டு நீண்ட வழியாகவே வீட்டுக்குப் போவார்கள். உச்சிப் பொழுதில்கூட அதன் கீழே யாரும் படுப்பதில்லை. புளியமரத்தடியில் புல் பூண்டு செழித்து வளராது. அந்த வெறுமையான தரையே முனி நடமாடுவதற்குச் சாட்சியாகச் சொல்லப்பட்டது. மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும். மஃரிபு பாங்கு ஒலிக்கும் வேளையில் அவை கூட்டமாகக் கிளம்புவதைக் கண்டால், பாங்கு கேட்டு ஷைத்தான்கள் ஓடுகின்றன என்று நாங்கள் பிள்ளைகள் பேசிக்கொள்வோம்.

தோப்பின் விளிம்பில் ஒரு கிழவி பணியாரம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவள் ஒருத்திதான் அந்த மரத்து நிழலை நாள் முழுதும் அனுபவித்தவள். முனியைப் பற்றிக் கேட்டால், "அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான்" என்பாள்.

என் அத்தா மர்ஹூம் விறகுக்கடை வைத்திருந்தார்கள். பெரிய படிப்பில்லை, ஆயினும் தவ்ஹீதில் அசையாத உறுதி உடையவர்கள். கந்தூரி, தாயத்து எதிலும் நாட்டமில்லை. பேய், பிசாசு என்று வீட்டில் யாரேனும் பேச்செடுத்தால் அவர்களுக்குக் கோபம் வரும். நான் அந்தத் தோப்பைக் கடக்க அஞ்சி, மதரஸாவுக்குச் சுற்றுவழியில் போய்த் தாமதமாவதை ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார்கள். அது 1960ஆம் ஆண்டு. வைகை அணை திறந்து ஓராண்டோ சற்று அதிகமோ ஆகியிருந்தது.

தோப்புக்காரர் அந்தப் புளியமரத்தை விற்க முன்வந்திருந்தார். கோடரி எடுக்க ஆள் கிடைக்கவில்லை. அத்தா வாங்கினார்கள். வெட்டுவதற்கு இரண்டு கூலியாட்களைப் பேசிக் கூட்டி வந்தார்கள். அவர்களும் மரத்தடியில் நின்று தலையைச் சொறிந்தபோது, அத்தா என்னை முன்னால் இழுத்து, சிறு கைக்கோடரி ஒன்றை என் கையில் கொடுத்தார்கள்.

"பிஸ்மில்லாஹ் சொல்லி நீ போடுடா முதல் வெட்டு. அல்லாஹ்வுக்குப் பயந்தவன் வேறே எதுக்கும் பயப்படக் கூடாது."

போட்டேன். பட்டையில் விரற்கடை ஆழம் கூட இறங்கியிராது. ஆனால் அதற்குப் பிறகு கூலியாட்கள் துணிந்துவிட்டார்கள். பத்து வயதுப் பையன் வெட்டி ஒன்றும் ஆகவில்லையே! கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. பணியாரக் கிழவி எழுந்து வந்து அத்தாவிடம் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

"முனி போனாப் போகட்டும் ராவுத்தரே. நிழலு போயிருமே."

"நிழல் தர்றவன் அல்லாஹ், ஆத்தா" என்றார்கள் அத்தா. அதில் பிழை சொல்ல எனக்கு இன்றும் வாயில்லை.

அன்றிரவு எனக்குக் கடுமையான காய்ச்சல். அம்மா அழுதுகொண்டே ஓதினார்கள். அத்தா ஒன்றும் பேசவில்லை. விடியும் வரை என் காலருகில் உட்கார்ந்திருந்தார்கள். சுபுஹு பாங்குக்குக் காய்ச்சல் இறங்கியது. முனியின் கதையும் அத்துடன் இறங்கிவிட்டது.

மற்ற மரங்களின் கதை என்ன ஆயிற்று என்பதைத்தான் நான் வெகு காலம் எண்ணிப் பார்க்கவில்லை. அச்சம் அகன்ற தோப்பில் ஆட்கள் சாதாரணமாக நுழைந்தார்கள். முதலில் சுள்ளி, பிறகு கிளை, பிறகு மரம். நாவல் போயிற்று, வேம்பு போயிற்று. வௌவால்கள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவது மழைக்காலம் வருமுன் அங்கே கல் நட்டு மனை பிரித்துவிட்டார்கள். பணியாரக் கிழவி சில நாள் ஓலைத் தட்டி ஒன்றை நிறுத்தி வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளைக் காணவில்லை.

இப்படிச் சொல்வதால் முனி இருந்ததென்று நான் சொல்ல வருவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். ஜின் என்னும் படைப்பு உண்டென்பது நம் நம்பிக்கை. குர்ஆனில் 72ஆம் அத்தியாயம் அப்பெயரையே தாங்கியது. ஆனால் அந்த அத்தியாயம் கண்டிப்பதும் இந்த அச்சத்தைத்தான். அறியாமைக் காலத்து அரபிகள் பயணத்தில் ஆளரவமற்ற பள்ளத்தாக்கில் இரவு தங்க நேர்ந்தால், அந்தப் பள்ளத்தாக்கின் ஜின் தலைவனிடம் அடைக்கலம் கேட்டுவிட்டுத்தான் படுப்பார்களாம், விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் ஜின்களின் செருக்கே கூடிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பழக்கத்தை மாற்றி, ஓரிடத்தில் இறங்கித் தங்குபவர் அல்லாஹ்வின் நிறைவான வாக்குகளைக் கொண்டு காவல் தேடும் துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள். கவ்லா பின்த் ஹகீம் (ரலி) அறிவித்த அந்த ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. பள்ளத்தாக்கு அங்கேயே இருந்தது. அச்சத்தின் முகவரி மட்டும் மாறியது.

அத்தா தம் செய்கைக்கு ஆதாரமாக உமர் (ரலி) அவர்களைச் சொல்வார்கள். ஹுதைபிய்யாவில் ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஒரு மரத்தடியில் சஹாபாக்கள் உறுதிமொழி கொடுத்தார்களல்லவா, பிற்காலத்தில் மக்கள் அந்த மரத்தை நாடிச் சென்று தொழலானார்கள் என்று கேள்வியுற்று, கலீஃபா உமர் அதை வெட்டிவிடச் சொன்னார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. ஆலிம் ஒருவரிடம் இதைப் பற்றிப் பின்னாளில் கேட்டேன். அந்த அறிவிப்பின் தொடரைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். மறு ஆண்டே அந்த மரம் எதுவென்று தங்களுக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டதாகச் சஹாபாக்கள் கூறிய செய்தி புகாரியில் இருக்கிறது. "வெட்டியதென்று கொண்டாலும் வெட்டியது ஒரு மரத்தை. மதீனாவை மறந்துவிடாதீர்கள்" என்றார் அவர்.

மதீனாவின் செய்தியை நான் ஓதியறிந்திருந்தும் இந்தக் கோணத்தில் நினைத்ததில்லை. இருபுறமும் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் வெளிகளுக்கு நடுவே அமைந்த ஊர் அது. அந்த இரு கருங்கல் வெளிகளுக்கு இடைப்பட்ட நிலத்தை நபிகள் நாயகம் (ஸல்) புனித எல்லையாக அறிவித்து, அங்கே மரம் வெட்டலாகாது, வேட்டையாடலாகாது என்று விலக்கினார்கள். நகீஃ என்னுமிடத்து மேய்ச்சல் நிலத்தைக் காப்பு நிலமாக ஒதுக்கினார்கள். சிரியாவுக்குப் படை அனுப்பிய அபூபக்கர் (ரலி), காய்க்கும் மரத்தை வெட்டாதீர்கள் என்று தளபதிக்குச் சொல்லி அனுப்பினார்கள். இது முவத்தாவில் காணப்படுகிறது. இவற்றில் எங்கும் முனி இல்லை, பேய் இல்லை. ஏவல் இருந்தது, மரம் நின்றது. அத்தாவுக்குப் பாதிப் பாடம் தெரிந்திருந்தது. மீதிப் பாதியைச் சொல்ல அன்று ஆரப்பாளையத்தில் யாரும் இல்லை, ஒரு பணியாரக் கிழவியைத் தவிர.

மதுரையைச் சுற்றிலும் அச்சமும் பக்தியும் காத்துவந்த காடுகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. நாட்டுப்புறத்தார் அவற்றைக் கோயில்காடு என்பார்கள். செருப்போடு நுழைய மாட்டார்கள், காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். எடுத்தால் சாமி கேட்கும் என்ற அச்சம். அழகர்மலையை ஒட்டிய காசம்பட்டியின் வீரகோயில் காடு ஐந்து எக்டேருக்குச் சற்றுக் குறைவுதான். ஆயினும் 2025ஆம் ஆண்டில் அரசு அதைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. அதற்கு முன் 2022இல் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக அந்தச் சிறப்பைப் பெற்றது மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி. அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது சுற்று வட்டாரமே திரண்டு எதிர்த்து நின்றதையும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்துச் செய்ததையும் எல்லோரும் அறிவோம். முனிக்கு அஞ்சி ஒதுங்கும் கூட்டமன்று அது. தங்கள் நிழல் போய்விடும் என்று கண்டுகொண்ட கூட்டம்.

ஆனால் அச்சத்துக்கு நான் நற்சான்று வழங்கவும் தயாரில்லை. திண்டுக்கல்லுக்கு வடக்கே அய்யலூர்ப் பக்கத்துக் காடுகளில் தேவாங்கு என்னும் சாதுவான சிறு பிராணி வாழ்கிறது. இரவில் பூச்சி தேடித் திரியும். விளக்கொளி பட்டால் அதன் பெரிய கண்கள் கனல்போல மின்னும். அவ்வளவே அதன் குற்றம். அதைக் கண்டால் கேடு என்று அடித்துக் கொன்றவர்கள் உண்டு. மாந்திரீகத்துக்கென்று பிடித்துக் கண்ணைப் பறித்தவர்களும் உண்டு. கடவூர், அய்யலூர் காடுகளில் 11,806 எக்டேர் பரப்பை அதற்கென்றே சரணாலயமாக 2022இல் ஒதுக்க வேண்டி வந்தது. மரத்தைக் காத்த அதே அச்சம் மரத்திலிருந்த உயிரைக் கொன்றிருக்கிறது. அத்தாவின் கோபம் வீண் கோபமன்று.

ஜப்பானியர் அந்தக் கதைக்கு ஏன் காட்டையும் அணையையும் தேர்ந்தார்கள் என்று பேரனுக்குக் காய்ச்சல் தணிந்த பிறகு நானும் அவனும் பேசிக்கொண்டிருந்தோம். அது வெறும் கற்பனையன்று. டோக்கியோ நகரின் குடிநீருக்காக 1957இல் கட்டி முடிக்கப்பட்ட ஓகோச்சி அணையின் நீருக்குள் ஓகோச்சி என்ற கிராமமே மூழ்கிற்று. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. நம் பக்கத்திலும் உண்டு. 1934இல் மேட்டூர் அணை நிறைந்தபோது மூழ்கிய ஊர்களில் பண்ணவாடியும் ஒன்று. நீர் வற்றும் ஆண்டுகளில் அங்கே பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டுகின்றன. மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும், வயலுக்குத் தண்ணீர் வேண்டும். அணை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வைகை அணைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் அப்படிச் சொல்வது நன்றாகவும் இராது. ஆனால் ஓரிடத்தை மூழ்கடித்தவர்கள் பிறகு அந்த இடத்தைப் பற்றிப் பேய்க்கதை சொல்லத் தொடங்குவது எனக்கு விளங்கும்போல் இருக்கிறது. திரும்பிப் பார்க்கும் மியோவும் விளங்குகிறாள்.

பேரனிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். அத்தா மௌத்தான பிறகு கடைக் கணக்குப் புத்தகங்களைப் பழைய தாள்காரருக்குப் போடுவதற்காக எடுத்துப் பிரித்தேன். 1960ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அந்தப் புளியமரத்துக்குத் தனிப் பக்கம் இருந்தது. மரம் வாங்கியது ரூ. 30. வெட்டுக்கூலி, வண்டி வாடகை ரூ. 42. காளவாசலுக்குப் போட்ட விறகு ரூ. 160, புளிய விறகு நின்று எரியும், சூளைக்காரர்கள் விரும்பி வாங்குவார்கள். அடிமரம் கறிக்கடைகளுக்கு வெட்டுக்கட்டையாகப் போனது ரூ. 55. முனி இல்லாத மரமாக இருந்தால் முப்பது ரூபாய்க்குக் கிடைத்திராது. ஊராரின் அச்சம் அத்தாவுக்கு விலைக் குறைப்பாக வந்து வாய்த்தது.

அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தாவின் ஈமானில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. முப்பது ரூபாய்க்கு மரம் கிடைக்காவிட்டாலும் அவர்கள் பேயை நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் மரத்தை வெட்டியிருப்பார்களா? என் கையில் கோடரியைக் கொடுத்தது என் அச்சத்தைப் போக்கவா, கூலியாட்களின் அச்சத்தைப் போக்கவா? இரண்டுக்கும்தான் என்று இப்போது நினைக்கிறேன். அந்த ஆண்டுக் கடைசியில் என் அக்காவின் நிக்காஹ் நடந்தது. அதற்கும் பணம் வேண்டியிருந்தது. புத்தகத்தைத் தாள்காரருக்குப் போடவில்லை. பெட்டியில் இருக்கிறது.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள் பேரன் கேட்டான்: "நீங்க வெட்டுன மரம் எங்கே இருந்துச்சு நன்னா? காட்டுங்க."

இஷாவுக்குப் பிறகு நடந்தோம். ஐந்து நிமிட வழிதான். அந்த நாளில் எனக்கு அது ஐந்து மைல். தெரு விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. மரம் நின்ற இடத்தில் இரு சக்கர வண்டி பழுது பார்க்கும் பட்டறை. கதவை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். மேலே மூன்று அடுக்கு வீடு. பால்கனியில் துணி காய்ந்தது. எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையைச் சுட்டி, "இங்கேதான்" என்றேன்.

அவன் நாலாபுறமும் பார்த்தான். "இங்கே பயமே வரலையே நன்னா" என்றான். சிறிது ஏமாற்றமும் அவன் குரலில் இருந்தது.

பிறகு என் கைபேசியை வாங்கி, அந்த விளையாட்டில் செய்வதைப் போல இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்து, நெருங்கி வந்து ஒரு படம் எடுத்தான். திரையில் பெரிதாக்கிப் பார்த்தான்.

"எதுவும் வந்திருக்கா?"

"இல்லை. ஷட்டர்க் கதவு, ஒயரு, அப்புறம் நீங்க."

கைபேசியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி நடந்தோம். பணியாரக் கிழவி அடுப்பு மூட்டிய மூலையில் மின்மாற்றி ஒன்று கம்பி வேலிக்குள் நின்று இரைந்துகொண்டிருந்தது. அதைக் கடக்கும்போது மட்டும் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.